ரிமோட்டை யார் கையில் கொடுப்பது

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளி எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். புதுக் கனெக்‌ஷன் கொடுத்து முடித்ததும் டிவியைப் போட்டுக் காட்ட வேண்டும். அப்போது எந்தச் சேனலை முதலில் போடுவது? “துட்டு குடுக்கவரு மூஞ்சியப் பாருலே. அவரு எதப் பாப்பாருன்னு தோணுதோ அதப் போடு. மத்தவங்கள அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார். அது 1993. சன் டிவி வந்த வருஷம். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டின் மேல் எங்கள் கண்ட்ரோல் ரூம். எனக்குப் பத்தொன்பது வயது. கம்பத்தில் ஏறுவது, ஒயர் இழுப்பது, மாசக் கடைசியில் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்குவது, எல்லாம் நான்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். இன்றைக்கு யாராவது என்னிடம் கேபிள் தொழிலைப் பற்றிக் கேட்டால் சீரியலையோ சினிமாவையோ கிரிக்கெட்டையோ பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கார்ட்டூன் சேனல். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு சேனலைச் சுற்றியே இருக்கிறது.

தொடக்கத்தில் எங்களிடம் கார்ட்டூன் சேனல் எதுவும் கிடையாது. டிஷ்ஷில் வருகிற இரண்டு மூன்று சேனலோடு, ஒரு டெக்கை வைத்து நாங்களே கேசட் போட்டுப் படம் ஓட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ‘ஜங்கிள் புக்’ வரும். பேச்சு முழுக்க இந்தி. தெருவில் ஒரு பையன் இருக்க மாட்டான். மோக்லி என்ன பேசுகிறான் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் ஓநாய் எப்போது வரும், புலி எப்போது பாயும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் முடிந்ததும் முதலாளி டெக்கில் எம்.ஜி.ஆர். படம் போடுவார். பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவர்களைத் திரும்ப உள்ளே கூப்பிட எங்களிடம் ஒன்றும் இல்லை.

1995 மே 1-ஆம் தேதி கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் அது தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே டெட் டர்னர் என்பவர், ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் பழைய கார்ட்டூன்களையும் எம்.ஜி.எம். படக் கிடங்கையும் வாங்கி வைத்திருந்தார். கையில் இவ்வளவு சரக்கு இருக்கிறதே, நாள் முழுக்க கார்ட்டூன் மட்டும் ஓடுகிற ஒரு சேனல் நடத்தினால் என்ன என்று 1992 அக்டோபரில் ஆரம்பித்ததுதான் அது. இங்கே வந்தபோது பகலில் கார்ட்டூன், இரவானதும் அதே சேனலில் டி.என்.டி. என்ற பெயரில் பழைய ஆங்கிலப் படங்கள். 2001-இல்தான் 24 மணி நேரமும் கார்ட்டூன் ஆனது.

எங்கள் முதலாளி அந்தச் சேனலைக் கடைசி வரிசையில் போட்டார். இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டிவி பலவற்றில் 12 சேனலுக்கு மேல் எடுக்காது. அந்தப் பன்னிரண்டுக்குள் எதை வைக்கிறோமோ அதுதான் ஊருக்குத் தெரியும். மேலே வைப்பது புது டிவி வாங்கிய வீட்டில் மட்டும் தெரியும். அதனால் கீழே இருக்கிற இடத்துக்கு எப்போதும் போட்டி. “இங்கிலீஷ் பொம்மைப் படம், இங்க எவன் பாக்கப்போறான்” என்பது அவர் கணக்கு. பணம் கொடுப்பவர் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

அந்த ஆனி மாதம் காற்று கிளம்பியது. தென்காசிக் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் டிஷ் லேசாகத் திரும்பிவிட்டது. டிஷ் ஒரு விரல்கடை நகர்ந்தாலே போதும், படம் போய்ப் புள்ளி புள்ளியாக வரும். ‘கொசு பறக்குது’ என்பார்கள் எங்கள் பக்கம். நாலைந்து சேனல் போய்விட்டது. அப்போது எல்லா வீட்டிலும் போன் கிடையாது. குறை சொல்ல வேண்டுமென்றால் நேரில்தான் வர வேண்டும். நான் மாடியில் நட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துப் பையோடு நேரே வந்திருக்கிறார்கள். “கேபிள் மாமா, டாம் ஜெர்ரி எப்ப வரும்?”

பெரியவர்கள் யாரும் வரவில்லை. போன நாலைந்து சேனலில் வேறு சேனல்களும் இருந்தன; அவற்றுக்காக ஒருவரும் படி ஏறவில்லை. முதலாளியும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். மறுநாள் கார்ட்டூனைப் பன்னிரண்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. பணம் கட்டுபவர் ஒருவர். அந்த ஒயரை அந்த வீட்டில் நிலைக்க வைப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு ஆறேழு வயது இருக்கும்.

டாமும் ஜெர்ரியும் ஏன் முதலில் பிடித்தது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அதில் பேச்சு அநேகமாகக் கிடையாது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எம்.ஜி.எம்.முக்காக 114 படங்கள் எடுத்தார்கள். பூனையும் எலியும் ஓடும், விழும், பாத்திரம் உடையும், பின்னால் இசை ஓடும். மொழி தேவையில்லை. அதற்கு அடுத்து வருகிற ஃப்ளின்ட்ஸ்டோனில் ஆள்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எங்கள் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். இரவில் கார்ட்டூன் நின்று படம் தொடங்கும்போது மட்டும் எங்களுக்குத் திட்டு விழும். “நல்லா ஓடிட்டிருந்தத நிப்பாட்டிட்டு வேற படம் போட்டுட்டீங்களே” என்பார்கள். அந்தச் சேனலே அப்படித்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். டெக்கில் நாங்கள் கேசட் மாற்றிப் பழகியவர்களாயிற்றே.

1998-இல் குற்றாலத்தில் ஒரு சின்ன லைனை நானே வாங்கினேன். இந்தத் தொழிலில் லைன் வாங்குவது என்றால் சில தெருக்களில் ஓடுகிற ஒயரையும் அந்த வீடுகளின் கணக்கு நோட்டையும் வாங்குவது. என் நோட்டில் வீடு கொஞ்சம், லாட்ஜ் அதிகம்.

குற்றாலத்தில் கேபிள் ஓட்டியவன் வேறெங்கும் ஓட்டலாம் என்று சொல்வேன். ஆனி தொடங்கி ஆவணி வரை சாரல் விடாது. ஒயருக்குள் தண்ணீர் இறங்கும். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். அந்தக் கம்பியில் சிக்னல் பாதி செத்துவிடும். ஒவ்வொரு இணைப்பையும் டேப் சுற்றி, அதன் மேல் பாலிதீன் உறை கட்டி, தண்ணீர் வழிந்து சொட்டுவதற்காக ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். குரங்குகள் வேறு. அவற்றுக்கு எங்கள் ஒயர் ஊஞ்சல். ஒரு கூட்டம் தாவிப் போனால் பின்னாலேயே ஏணியோடு நான் போவேன்.

சீசனில் லாட்ஜுக்கு வருகிறவர்கள் அருவியில் குளிக்க வருகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு டிவி என்று முதலில் நினைத்தேன். மலையில் மழை கொட்டி மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழும் நாட்கள் உண்டு. அன்று குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அதே கதைதான். சென்னை, மதுரை, கோவில்பட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் அறைக்குள் அடைந்து கிடக்கும். வெளியே மழை. உள்ளே ஈரத் துண்டு நாற்றம். பெரியவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அப்படி ஒரு தடை நாளில் ஒரு லாட்ஜ் மானேஜர் ஆள் அனுப்பிவிட்டார். “அண்ணாச்சி, மேல் மாடி பூரா கார்ட்டூன் வரலையாம். பிள்ளைக அழுது கூப்பாடு போடுது. ரூமைக் காலி பண்ணிருவோம்ங்காங்க.” ஓடினேன். வராந்தாவில் இருந்த ஸ்பிளிட்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு அறை அறையாகச் சரிபார்த்தேன். ஓர் அறையில் தலை துவட்டாத நாலு பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். படம் வந்ததும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு தடை அறிவிப்பு காதில் விழுந்தால் முதலில் கார்ட்டூன் சேனலின் சிக்னலைத்தான் பார்ப்பேன். அது எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத வேலை.

இனி, என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய காரியம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அதைச் செய்ய எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது.

2000-களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க் தமிழிலும் பேச ஆரம்பித்தது. படம் ஒன்றுதான், கூடவே இரண்டு மூன்று மொழிகளில் ஒலி வரும். அன்றைக்கு வீட்டில் பாக்ஸ் கிடையாது. கண்ட்ரோல் ரூமில் ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். ரிசீவரில் ஆடியோ எந்த மொழி என்று நாங்கள் வைக்கிறோமோ அதுதான் ஊர் முழுக்கக் கேட்கும். வீட்டில் இருப்பவரால் மாற்ற முடியாது. ஊர்ப் பிள்ளைகள் எந்த மொழியில் கார்ட்டூன் பார்க்க வேண்டும் என்பதைக் கேபிள்காரன் தீர்மானிக்கும் காலமாக இருந்தது அது. யாரும் இதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. நான் அந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாற்றினேன். மெனுவுக்குப் போய், ஆடியோ என்ற இடத்தில் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு லைனைச் சுற்றி வந்தேன். சுவரோரம் போகும்போது ஒரு வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம். பிள்ளைகள் சிரிப்பு எனக்குப் பழக்கம். இது வேறு. அந்த வீட்டு ஆச்சியின் சிரிப்பு. கார்ட்டூன் ஓடுகிற வீட்டில் வயசானவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தவர், “ஏ தம்பி, இந்த நாய் நம்ம பேச்சுல்லா பேசுது!” என்றார்.

எதிர்ப்பும் வந்தது. இரண்டு நாளில் ஒரு தகப்பனார் வண்டியை நிறுத்திவிட்டு மேலே வந்தார். மகன் இங்கிலீஷ் மீடியம். “அதப் பாத்துத்தான் அவனுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்துச்சு. அதையும் கெடுத்துட்டீங்களே.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அவரிடம் சண்டை போடவில்லை. காலையில் ஆங்கிலம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழ் என்று ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை மறக்காமல் ரிமோட்டை அழுத்த வேண்டும். மறந்துபோய் சாயங்காலம் ஆங்கிலமே ஓடிய நாளில் எனக்கு எத்தனை பேர் ஆள் அனுப்பினார்கள் என்பதை வைத்து முடிவெடுத்தேன். தமிழ் நிலைத்தது. அந்தத் தகப்பனாரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டில் பையனோடு சேர்ந்து அவரும் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற சபைகளில் சிலையாக ஆடுகிறவர் இங்கே சுவரில் சித்திரமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவர் நிறையப் புராணக் கதைகளின் ஓவியங்கள். சின்ன வயதில் என் ஆச்சி என்னைக் கையைப் பிடித்து அங்கே சுற்றிக்காட்டுவாள். ஓவியம் தானாகப் பேசாது. “இந்தா பாரு, இவன் என்ன சொல்லுதான் தெரியுமா?” என்று அவள்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் கொடுப்பாள். அரக்கனுக்குக் கரகரப்பு, அம்மனுக்குக் கனிவு. அவள் போன பிறகு அந்தச் சுவர் எனக்கு ஊமையாகிவிட்டது. டப்பிங் என்பது என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் ஆச்சி செய்த வேலை என்றுதான் சொல்வேன். சென்னையில் ஏதோ ஓர் அறையில் மைக் முன்னால் நின்று பேசிய முகம் தெரியாத குரல்கள் எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் செய்தன. அவர்கள் பெயர் திரையில் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருக்க வேண்டும்.

2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தெனாலிராமன் வந்தான். அதைச் செய்தது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கிற டூன்ஸ் நிறுவனம். எங்களுக்கு அது மலைக்கு அந்தப்புறம். செங்கோட்டை, புனலூர் வழியாக பஸ் ஏறினால் போய்விடலாம். அமெரிக்கச் சேனலில் நம் ஊர்க் கதை, அதுவும் பக்கத்து மலையாள நாட்டில் வரைந்தது. பிள்ளைகள் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. “இந்தக் கத எனக்குத் தெரியும்” என்று பக்கத்தில் இருப்பவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிற பெருமை மட்டும் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பெருமை டாம் ஜெர்ரி தராதது.

அடுத்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி போகோ வந்தது. டிசம்பரில் டிஸ்னி சேனலும் டூன் டிஸ்னியும் வந்தன. கட்டணச் சேனல்கள் கூடக் கூட எங்களுக்கு நெருக்கடி. எத்தனை வீடு என்று நாங்கள் காட்டுகிற கணக்குக்குத் தக்க பணம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் மாதம் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் சண்டைக்கு வருவார். ஒருமுறை பாக்கிக்காக ஒரு வினியோகஸ்தர் எச்சரிக்கை இல்லாமல் சிக்னலை நிறுத்திவிட்டார். முழுப் பரீட்சை முடிந்த மறுநாள். அந்தக் கோடையில் ஒரு வாரம் நான் தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். பெரியவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. பிள்ளைகளிடம் பாக்கி, வினியோகஸ்தர் என்று என்னத்தைச் சொல்வது?

2006 செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் தொழிலை அதுபோல மாற்றியது வேறெதுவும் இல்லை. அதுவரை கேபிள் போகாத தெருக்களுக்கு ஒயர் இழுத்தோம். ஓட்டு வீடு, ஓலை வீடு, ஒற்றை அறை வீடு. தென்காசியைச் சுற்றிப் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் புத்தகமோ பொம்மையோ கிடையாது. 14 இன்ச் டிவி மட்டும் புதிதாக, உறை பிரிக்காமல் மூலையில் இருக்கும்.

சரியாக அந்த நேரத்தில், 2007 ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை, சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. கோடை விடுமுறை. கார்ட்டூன் நெட்வொர்க் தமிழ் பேசியது என்றேன். ஆனால் அது வேறு எங்கோ நடக்கிற சேனல், தமிழையும் பேசியது. சுட்டி தமிழுக்காகவே நடந்த சேனல். நடுவில் வருகிற அறிவிப்பு, வாழ்த்து, எழுத்து எல்லாம் தமிழ். படங்கள் வெளிநாட்டுப் படங்கள்தான். ஆனால் பேச்சில் ஒரு துணிச்சல் இருந்தது. ஜாக்கி சான் கார்ட்டூனில் ஆள்கள் பேசுகிற தமிழ் நம் தெருவில் பேசுகிற தமிழ். கேலி, கிண்டல், சலிப்பு எல்லாம் நம்முடையது. பத்து வயதுப் பையன்கள் அந்த வசனத்தைப் பேசிக்கொண்டே சைக்கிள் ஓட்டுவதை நான் கேட்டிருக்கிறேன்.

சுட்டியில் வந்த டோராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் புள்ளி புள்ளியாக வருகிறது என்று போயிருந்தேன். அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையை வெட்டுவது, தூளை வைப்பது, சுருட்டுவது, நூலைச் சுற்றுவது என்று விரல் பாட்டுக்கு ஓடும். கண் சுளகை விட்டு எழும்பாது. அவ்வளவு சுற்றினால்தான் அன்றைய கூலி. நான் கனெக்டரை மாற்றியதும் படம் தெளிந்தது. டோரா திரையிலிருந்து எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் கார்ட்டூனின் நுட்பமே அதுதான். கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடி பேசாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு மூன்று வயதிருக்கும். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலை நிமிராமலே பதிலைச் சொன்னார். பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். நூல் சுற்றுவது நிற்கவில்லை.

நான் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட நேரம் கிடையாது. அந்தச் சில நொடிதான் இரண்டு பேருக்கும் கிடைத்த விளையாட்டு. ஆங்கிலத்தில் ஓடியிருந்தால் அது நடந்திருக்காது. பிள்ளைக்காவது படம் கிடைத்திருக்கும்; அம்மாவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

சுட்டியின் வெற்றியைப் பார்த்து அதே குழுமம் 2009-இல் தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சிண்டு, 2011-இல் மலையாளத்தில் கொச்சு என்று வரிசையாகத் தொடங்கியது. 2008-இல் போகோவில் சோட்டா பீம் வந்தான். ஹைதராபாதில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு நிறுவனம் செய்தது. இரண்டு சீசனுக்குள் குற்றாலத்தில் பலூன் விற்பவர் கையிலும் பனியன் கடையிலும் பீம் படம் தொங்கியது. அருவிக்கரைக் கடையில் எந்தப் படம் விற்கிறதோ அதுதான் அந்த வருஷத்துப் பிள்ளைகளின் சேனல். டி.ஆர்.பி. எல்லாம் எங்களுக்கு அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு தொழிலின் தலைவிதி வேறு இடங்களில் எழுதப்பட்டது. 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். தொடக்க நாட்களில் கட்டணச் சேனல்கள் பல அதில் வரவில்லை. 70 ரூபாயை மகிழ்ச்சியாகக் கொடுத்த அப்பாவுக்குப் பின்னால் நின்று பிள்ளை என்னை முறைக்கும். 2017 செப்டம்பரில் டிஜிட்டல் பாக்ஸ் வந்தது. சேனல் எண் மூன்று இலக்கம் ஆனது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒரு வாரத்தில் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டார்கள். தாத்தாக்களுக்குச் சேனல் வைத்துக் கொடுக்கிற வேலையும் அவர்களுக்கு வந்தது. மொழியைத் தேர்ந்தெடுப்பதும் அவரவர் வீட்டு ரிமோட்டுக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் ஊருக்கே நான் அழுத்திய பொத்தான். அது அவர்கள் கைக்குப் போனதுதான் முறை.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி நடைமுறைக்கு வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல் எது வேண்டுமோ அதற்குத் தனி விலை. வீடு வீடாகப் பட்டியலோடு போய் உட்கார்ந்தோம். இருபத்தைந்து வருஷமாக எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருந்தவனுக்கு அது கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வீட்டுத் தங்கச்சி பட்டியலை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். கையிலிருந்த பணத்துக்கு மேலே போனது. பேனாவை வாங்கி, தான் தினமும் பார்க்கிற சீரியல் சேனலை அடித்தார். “இது போகட்டும்ண்ணே. பிள்ளைக்கு உள்ளது இருக்கட்டும்.” அடுத்த வீட்டிலும் கிட்டத்தட்ட அதேதான். துட்டு கொடுப்பவர் எதைப் பார்ப்பார் என்று முதலாளி ஊகிக்கச் சொன்னாரே, அந்தக் கேள்விக்குத் துட்டு கொடுப்பவர்களே அன்றைக்குப் பதில் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. பிள்ளைகள் காலையில் அதையும் பிறகு கார்ட்டூனையும் பார்த்தார்கள். லைன் அறுந்துபோனால் பாடமும் போகும் என்பதால் எங்களுக்கு வெளியே போக அனுமதி இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் ஏணியோடு போகும்போது எல்லா ஜன்னலிலும் பிள்ளைகள் தெரிந்தார்கள். கடைசியாக அப்படி எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவி ஓடி நான் கேட்டது அப்போதுதான்.

அந்த ஊரடங்கில்தான் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கைக்குப் போன் போனது. அதில் எல்லாக் கார்ட்டூனும் இருக்கிறது. சென்னையில் 2013-இல் தொடங்கிய சூச்சூ டிவி போன்றவற்றை உலகமே பார்க்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் வருகிறது. நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். காற்றடித்தால் டிஷ் திரும்பாது, குரங்கு ஒயரை அறுக்காது. பிள்ளைகளுக்கு அது நல்லதாகத்தான் தோன்றும். என் நோட்டில் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பீடி சுற்றிய அம்மா தலை நிமிராமல் சொன்ன பதிலைத்தான் நினைத்துக்கொள்வேன். டிவி வீட்டின் நடுவில் இருந்தது. அதன் சத்தம் அடுப்பங்கரைக்கும் போனது. போன் ஒரு பிள்ளையின் மடியில் இருக்கிறது. அதற்குள் டோரா கேள்வி கேட்டாலும் அம்மா காதில் விழாது.

இன்னமும் மாதத்துக்கு ஒன்றிரண்டு புதுக் கனெக்‌ஷன் வருகிறது. போன வாரம் மேலகரத்தில் ஒன்று. பாக்ஸை மாட்டி, ஒயரைத் திருகி, சிக்னல் வந்ததும் வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றார். நியூஸ் வைப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய ஒரு பிள்ளை நின்றது. கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தது. ரிமோட்டைக் கையில் கொடுத்து, எந்த மூன்று எண்ணை அழுத்த வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். முதல் எண்ணை அழுத்தும்போது விரல் வழுக்கியது. இரண்டாவது தடவை சரியாக அழுத்தியது. படம் வந்தது, தமிழில். நான் கத்தரியையும் டேப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.